இடுப்பிலிருந்து இறங்கிய எடை

சென்ற கோடையில் அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கினேன். ஓட்டை விழுந்தபின் அது கிணற்றடியில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தொட்டியாகப் பல வருடம் வெயிலில் கிடந்தது. பிடித்ததும் விளிம்பு கையோடு வந்துவிட்டது. அப்பளம்போல் நொறுங்கி, நீலத் தூளாகக் கிணற்றடியில் உதிர்ந்தது. பெருக்கினேன். துடைப்பத்துக்கு வந்தது பாதிதான். மீதி மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று சொல்வதுதான் நம் வழக்கம். ஆனால் இந்தப் பொருள் மண்ணாகாது.

"அதப் போயி ஏன் தூக்கின? அது பாட்டுக்குக் கெடந்துச்சு" என்றார் அம்மா.

எங்கள் வீட்டுக்கு முதல் பிளாஸ்டிக் குடம் வந்தது எண்பதுகளின் நடுவில். பழைய துணிக்குச் சாமான் கொடுக்கும் பெண்ணிடம் அம்மா இரண்டு நைலக்ஸ் புடவைகளைக் கொடுத்து, அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கினார். அதுவரை பித்தளைக் குடம். வெறும் குடமே மூன்று, நான்கு கிலோ கனக்கும். நிறைத்தால் அம்மாவின் உடம்பு ஒரு பக்கமாக ஒடிந்து நடக்கும். பிளாஸ்டிக் குடம் வந்த அன்று, அதை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு அம்மா குழாயடிக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். தெருப் பெண்கள் எல்லோரும் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள். அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன். நிலத்தடி நீரில் பிளாஸ்டிக் கலந்த வரலாற்றை எழுதும்போதும் அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டின் நீர் வரலாற்றைப் படிக்கும் மாணவிகள் ஏரியைப் படிப்பார்கள், மதகைப் படிப்பார்கள், வெட்டிய மன்னனைப் படிப்பார்கள். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கிறது. நிலம் இருக்க வேண்டும், மனை இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். நீரை ஆண்டவர்களின் தகுதிப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. நீரைச் சுமந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை. ஊர்க் கிணற்றில் வாளி இறக்க விடாமல், யாராவது ஊற்றுவார்களா என்று எட்டி நிற்க வைக்கப்பட்ட தலித் பெண்களுக்குக் கல்வெட்டும் இல்லை. குடத்தின் வரலாறு எழுதப்படாத வரலாறு. அந்தக் குடம் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பெண்கள் தீர்மானித்ததும் இல்லை.

பிளாஸ்டிக்கின் கதை நீளமானது அல்ல. முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கினார். 1933இல் இங்கிலாந்தில், உயர் அழுத்தச் சோதனை ஒன்றின்போது, எதிர்பாராமல் வெள்ளை மெழுகுபோல ஒன்று படிந்தது; அதுதான் பாலித்தீன். 1935இல் அமெரிக்காவில் நைலான் பிறந்தது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே கெட்டியான பாலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். வாளியும் குடமும் தண்ணீர்க் குழாயும் அந்தக் கெட்டி வகையால் ஆனவை. அம்மாவின் நைலக்ஸ் புடவையும் அதைக் கொடுத்து வாங்கிய குடமும் இருபது வருட இடைவெளிக்குள் பிறந்த உறவுகள்.

1955இல் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் ஒரு படம் வெளியிட்டது. கணவன், மனைவி, குழந்தை மூவரும் தட்டு, கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் காற்றில் வீசிக்கொண்டிருப்பார்கள். எறிந்துவிட்டு வாழும் வாழ்க்கை என்பது அந்தப் பக்கத்தின் தலைப்பு. இவற்றையெல்லாம் கழுவ நாற்பது மணி நேரம் பிடிக்கும், இனி எந்த இல்லத்தரசியும் கவலைப்பட வேண்டாம் என்பது செய்தி. பெண்ணின் முதுகுவலியைக் காட்டித்தான் எறியும் பழக்கம் உலகத்துக்கு விற்கப்பட்டது. சமையலறை வேலையை ஆணும் பங்கிட்டுக்கொள்ளலாமே என்ற எளிய வழி அந்தப் பக்கத்தில் இல்லை. வேலையைப் பங்கிடுவதைவிடக் குப்பையைப் பெருக்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

எறிந்தது எங்கே போனது?

மண்பாண்டம் உடைந்தால் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறும் கிடைத்தது. சில ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஓடு விழுந்த அடுக்கிலேயே கிடக்கும். அதனால்தான் தொல்லியலாளர் அதை வைத்துக் காலம் சொல்ல முடிகிறது.

பிளாஸ்டிக் ஓடு அப்படிக் கிடப்பதில்லை. வெயிலில் வெளுத்து, வெடித்து, சிறுத்துக்கொண்டே போகும். சிறுத்தபின் நீரோடு நடக்கும். 2004இல் ரிச்சர்ட் தாம்சன் என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளரும் அவர் குழுவினரும் கடற்கரை மணலிலும் கடல் நீரிலும் இந்தத் துகள்களைக் கண்டு எழுதினார்கள். 'நுண்பிளாஸ்டிக்' என்ற சொல் அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. அரசு அறிவிப்புகள் நெகிழி என்கின்றன, தெருவில் பிளாஸ்டிக்தான். ஐந்து மில்லிமீட்டருக்குச் சிறிய துண்டு நுண்பிளாஸ்டிக். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவுக்கும் சிறியது நானோபிளாஸ்டிக். கடலைப் பற்றித்தான் உலகம் முதலில் பேசியது. காலடி மண்ணுக்குள் பார்க்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. மண் வடிகட்டிவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கையும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் முகந்து குடித்த பெண்களின் அறிவு அது. கலங்கிய நீர் என்றால் குடத்தின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார்கள். காலையில் நீர் தெளிந்திருக்கும். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டுவார்கள். இந்த அறிவு தவறானது அல்ல. சேற்றுக்கும் தூசிக்கும் அது சரியாகவே வேலை செய்தது. ஆனால் அது பிளாஸ்டிக்குக்கு முந்திய காலத்தின் அறிவு. இன்றைக்கு வடிகட்டும் துணியே பாலியஸ்டராக இருந்தால், அதுவும் தன் இழையை நீரில் விடும்.

மணலுக்கும் மணலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைவிடச் சிறிய துகள் நீரோடு கீழே இறங்கும். புதிய பிளாஸ்டிக்கில் நீர் ஒட்டாது. வெயில்பட்டுப் பழையதானால் அதன் மேற்பரப்பு நீரை ஏற்கத் தொடங்கும், அப்போது நீர் அதை எளிதாக இழுத்துப் போகும். செம்மண்ணில் உள்ள இரும்புச் சத்து சில துகள்களைப் பிடித்து நிறுத்தும். ஆனால் எல்லா நீரும் மண்ணை மெதுவாகக் கடந்து போவதில்லை. கோடையில் களிமண் பிளக்கும். செத்த வேர்கள் குழாய்போலத் துளை விட்டுப் போகும். போர்வெல் குழாயின் ஓரத்தில் இடுக்கு இருக்கும். முதல் மழையின் நீர் இந்த வழிகளில் வடிகட்டும் மண்ணைத் தொடாமலே இறங்கிவிடும். மணலை மாற்றி மாற்றி நனைத்தும் காயவைத்தும் பார்த்த ஆய்வு ஒன்று, நனைந்து காயும் சுற்று கூடக்கூடத் துகள்கள் இன்னும் ஆழம் போவதைக் காட்டியது. வடகிழக்குப் பருவமழையும் நீண்ட கோடையும் மாறி மாறி வரும் நம் ஊரில் மண் வருடாவருடம் அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறது.

மண்புழுவும் சுமக்கிறது. 2017இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில், மேல்மண்ணில் தூவிய பாலித்தீன் மணிகளை மண்புழுக்கள் கீழே கொண்டுபோயின. மிகச் சிறிய மணிகளே மிக ஆழத்துக்குப் போயின. அதே வருடம் எஸ்பெரான்சா உவெர்த்தா லுவாங்கா என்ற பெண் விஞ்ஞானி, மெக்சிகோவின் கம்பெச்சே பகுதியில் மாயா மக்களின் வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்தார். மண்ணில், மண்புழுவின் கழிவில், அங்கே மேய்ந்த கோழிகளின் இரைப்பையில் பிளாஸ்டிக் இருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பார்த்த ஆய்வு என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

நிலத்தடி நீரையே எடுத்துச் சோதித்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று 2019இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்தது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் ஓடும் நீர் அது. கிணறுகளிலும் ஊற்றுகளிலும் எடுத்த 17 மாதிரிகளில் 16இல் பிளாஸ்டிக் இழைகள் இருந்தன. அதிகபட்சம் லிட்டருக்கு 15 அளவில். ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' நூலில் நிலத்தடி நீருக்கென்று இடம் ஒதுக்கி, அதைப் பூமிக்கடியில் உள்ள கடல் என்று அழைத்தார். ஓரிடத்தில் அதைக் கெடுப்பது எல்லா இடத்து நீரையும் கெடுப்பது என்பது அவர் வாதம். அவர் பேசியது பூச்சிக்கொல்லியைப் பற்றி. வாதம் அப்படியே பிளாஸ்டிக்குக்கும் பொருந்துகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையின் தெற்கில் பெருங்குடி, வடக்கில் கொடுங்கையூர். எண்பதுகளிலிருந்து மாநகரத்தின் குப்பை இந்த இரண்டு இடங்களிலும் கொட்டப்பட்டு வந்தது. அடியில் விரிப்பு எதுவும் கிடையாது. குப்பை நேராக மண்மேல். அதிலும் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் எழுந்தது. சதுப்பு நிலம் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல நிலத்துக்குள் விடும் இடம். நகரத்தின் தண்ணீர்ப் பானைக்குள்ளேயே நகரத்தின் குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். 2022இல் பள்ளிக்கரணையில் எஞ்சியிருந்த சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வரும்போது மேட்டுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

2021இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டு மேடுகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதித்தது. லிட்டருக்கு 2 முதல் 80 துகள்கள் வரை இருந்தன. அதிகம் இருந்தது நைலான். அந்த எண்ணைப் படித்தபோது அம்மாவின் நைலக்ஸ் புடவைகள் நினைவுக்கு வந்தன. அது அம்மாவின் புடவை அல்ல. வலை, கயிறு, பொதியுறை என்று நைலானுக்கு ஆயிரம் வடிவம். ஆனால் பெண்ணின் நினைவு அங்கேதான் முதலில் போகிறது, குற்றவாளியைத் தேடித் தன் அலமாரிக்கே போகிறது. ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்த மேடுகளில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் பிரித்து எடைக்குப் போட்டவர்களில் பெண்கள் பலர். மேட்டுக்குப் போகும் குப்பையை அவர்கள் கைகள் குறைத்தன. மேட்டைச் சுற்றி வாழும் குடும்பங்களில் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் போர் தண்ணீரைக் கையாள்பவர்களும் பெண்கள்தான். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீர் ஏறியது, அது நல்ல சட்டம். அதே குழி வழியாக, மாடியில் நொறுங்கிய தொட்டி மூடியும் உரிந்த பெயிண்டும் மழையோடு இறங்கக்கூடும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது உலகப் பத்திரிகைகளில் வந்த படங்களை நினைத்துப் பாருங்கள். லாரிக்குப் பின்னால் பச்சை, சிவப்பு, மஞ்சள் குடங்களின் வரிசை, ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பெண். குடம் எடை குறைந்திருந்தது. காத்திருக்கும் நேரம் குறையவில்லை.

போர் தண்ணீரை நம்பாத வீடுகள் கேன் தண்ணீருக்குப் போயின. கேனில் வருவதும் பெரும்பாலும் எங்கோ இறைத்த நிலத்தடி நீர்தான். அதை வைத்திருப்பது பிளாஸ்டிக்தான். ஷெரி மேசன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2018இல் பல நாடுகளில் வாங்கிய 259 தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தபோது, 93 விழுக்காட்டில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. காசு கொடுத்தால் தப்பிக்கலாம் என்ற கதவும் திறந்து கிடக்கவில்லை.

இந்தத் துகள் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? 2021இல் இத்தாலியில் ஆறு பெண்களின் நச்சுக்கொடிகளைச் சோதித்தார்கள். நான்கில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. மறுவருடம் 34 தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள்; 26 பேரின் பாலில் இருந்தது. இருப்பது வேறு, கெடுதல் செய்வது வேறு. எந்த அளவு குடித்தால் என்ன நோய் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதை மறைத்து யாரையும் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. ஆனால் சான்று வரும்வரை சோதனைக்கூடமாக இருப்பது யாருடைய உடம்பு என்று கேட்கலாம். இந்தியாவின் குடிநீர்த் தரநிர்ணயத்தில் ஈயத்துக்கு வரம்பு உண்டு, நைட்ரேட்டுக்கு உண்டு. நுண்பிளாஸ்டிக்குக்கு வரம்பு இல்லை. வரம்பு இல்லாததை யாரும் மீறியதாகவும் ஆகாது.

இப்போது குற்றவாளியைத் தேடி அலமாரிக்குப் போகும் அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தேவையான தடை. ஆனால் அதைச் சுற்றி நடந்த பேச்சை நினைவிருக்கிறதா? கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துப் போங்கள் தாய்மார்களே. பாத்திரம் கொண்டுபோய் மாவு வாங்குங்கள் சகோதரிகளே. கல்லூரியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேச வந்தவர் என் மாணவிகளிடம், "வீட்டைப் பெண்கள் திருத்தினால் நாடு திருந்தும்" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "சார், பால் பாக்கெட்ட நான் எதுல வாங்கறது?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

1955இல் பெண்ணிடம், நீ கவலைப்பட வேண்டாம் என்றார்கள். இன்றைக்கு அவளிடமே, நீ கவலைப்பட வேண்டும் என்கிறார்கள். இரண்டு முறையும் பொருளைத் தீர்மானித்தது அவள் அல்ல. எதில் பால் வர வேண்டும், எந்த நூலில் சுடிதார் தைக்க வேண்டும், குப்பை எந்தச் சதுப்பில் விழ வேண்டும் என்ற முடிவுகள் நடந்த அறைகளில் அவள் இல்லை. ஏரி வாரியத்தில் இல்லாதது போலவே.

துணி துவைப்பதையே எடுத்துக்கொள்வோம். 2016இல் இமோஜென் நாப்பர், அப்போது ஆய்வு மாணவி, தாம்சனுடன் சேர்ந்து சலவை இயந்திரத்தில் துணிகளைத் துவைத்துப் பார்த்தார். ஆறு கிலோ அக்ரிலிக் துணி ஒரே சலவையில் ஏழு லட்சத்துக்கு மேல் இழைகளை விடலாம் என்று கணக்கிட்டார். இதைப் படித்ததும் 'பெண்களே, குறைவாகத் துவையுங்கள்' என்று ஒரு குறிப்பு எழுதிவிடலாம். பிரான்ஸ் வேறு விதமாக யோசித்தது. புதிய சலவை இயந்திரங்களில் இழை வடிகட்டி வேண்டும் என்று 2020இல் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வருவதில் இழுபறி இருக்கலாம். ஆனால் சட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். துவைப்பவளைப் பார்த்து அல்ல, இயந்திரம் செய்பவரைப் பார்த்து.

வீட்டளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2024இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு, கடினநீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பு படியும்போது துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதைக் காட்டியது. சுண்ணாம்பு மிகுந்த நீரில் 90 விழுக்காடு அளவுக்குக்கூடக் குறைந்தது. படிவை வடிகட்டிவிட்டுக் குடிக்கலாம். உப்புத் தண்ணீர் என்று நாம் முகம் சுளிக்கும் போர் தண்ணீரில் பல இடங்களில் அந்தச் சுண்ணாம்பு நிறையவே இருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குச் சங்கடமாகவும் இருக்கிறது. அடுப்பு யாருடையது, கேஸ் செலவைக் கணக்குப் பார்ப்பது யார், வடிகட்டியைக் கழுவுவது யார் என்று தெரியும். அதனால் இதை ஒரு தற்காப்பாகச் சொல்கிறேன், தீர்வாக அல்ல. தீர்வு குப்பைமேட்டின் அடியில், தரநிர்ணயப் பட்டியலில், ஆலையின் வாசலில் இருக்கிறது. நம் ஊர்க் குடிநீரில் நுண்பிளாஸ்டிக்கைச் சோதித்தீர்களா என்று ஒரு கிராம சபையில் ஒரு பெண் எழுந்து கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும். எழுதப்படாத வரலாற்றுக்கு அது ஒரு முதல் வரி.

அன்று உடைந்த குடத்தை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன். எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. குப்பை வண்டியில் போட்டால் இன்னொரு ஊரின் மேட்டுக்குப் போகும். எரித்தால் மூச்சுக்குள் போகும். இங்கேயே விட்டால் கிணற்றுக்குள் போகும். பழைய பிளாஸ்டிக் எடுப்பவர், இவ்வளவு நொறுங்கியதை எடைக்குக்கூட எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது இடுப்பு வலி. எழுபது வயதில், இத்தனை வருடம் குடம் சுமந்ததன் மிச்சம். திண்ணையில் சாய்ந்துகொண்டு அந்தச் சாக்கைப் பார்த்தார். "லேசா இருக்குன்னுதான் வாங்குனோம்" என்றார்.

சாக்கு இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக் சாக்கு. வெயில் படாமல், கிணற்றுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.